தேய்வு என்று நான் எழுதிய இடம்

போன மாதம் பட்டறையிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. குரலில் ஒரே துள்ளல்.

"மிஸ், புது ஸ்கேனர் வந்திட்டு! சாமானை மேசையில வெச்சு ஒரு சுத்துச் சுத்தினாக் காணும், அப்படியே திரையில வந்து நிக்குது. இனி வேர்னியரும் வேணாம், ஒண்டும் வேணாம்."

சந்தோசம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் இரண்டு நாட்களாக எனக்குள் ஒரு எரிச்சல் கிடந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் அவளே திரும்ப எடுத்து, "நீங்க அந்தக் காலத்தில எப்படிச் செஞ்சீங்க எண்டு எழுதித் தாங்க மிஸ், புதுப் பிள்ளையளுக்குக் குடுக்க" என்றாள். அப்போதுதான் எரிச்சல் ஸ்கேனர் மேல் இல்லை என்பது புரிந்தது. எழுதுகிறேன். இதில் என் கெட்டித்தனத்தைத் தேடி வாசிப்பவர்கள் ஏமாந்து போவார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மட்டக்களப்பு நகரத்தில் அரசாங்கக் கட்டடப் பகுதியில் பதினைந்து வருடங்கள் படவரைஞராக இருந்தவள் நான். மதகு, பள்ளிக்கூடம், கிராமசேவகர் அலுவலகம், அவற்றுக்கு மலசலகூடம். இதுதான் என் உலகம். சமாதான ஒப்பந்தம் வந்து பாதைகள் திறந்தபோது, நகரத்தில் செயற்கைக்கால் செய்யும் பட்டறை ஒன்றைப் பெரிதாக்கினார்கள். வெளிநாட்டு நிறுவனமொன்றின் உதவியில் கொம்பியூட்டர் வந்தது. அதில் இயந்திரப் பாகங்களை வரைய ஆள் தேடினார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. வீட்டில் எல்லாரும் பைத்தியமா என்று கேட்டார்கள். அதனாலேயே விண்ணப்பித்தேன்.

மூன்று மாதம் கொழும்பில் பயிற்சி. வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இருபது வயது, என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். முதல் வாரம் மவுஸை மேசையிலிருந்து தூக்கித் தூக்கி வைத்தேன். ஒரு நாள் பழக்கதோசத்தில் திரையில் மட்டக்கோலை வைத்துப் பார்த்ததை அந்தப் பிள்ளைகள் கடைசி நாள் வரை மறக்கவில்லை. ஆனால் இரண்டாம் மாதம் பாகங்களைப் பூட்டும் பாடம் வந்ததும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. தனித்தனியாக வரைந்த பாகங்களைத் திரையிலேயே ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். இந்த அச்சாணி இந்தத் துளைக்குள் இருக்கும், இந்த முகம் அந்த முகத்தைத் தொடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தால், மிச்சமிருக்கும் அசைவு எதுவோ அது மட்டும் அசையும். பிடித்து இழுத்தால் முழங்கால் மடங்கும். ஒரு பாகம் இன்னொன்றுக்குள் புகுந்தால் அந்த இடம் சிவப்பாகும். கட்டடத்தில் எதுவும் அசையக்கூடாது, அசைந்தால் விசாரணை. இங்கே அசைகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. சின்னப் பிள்ளை போல அதை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தேன்.

நான் திரும்பி வந்து ஒன்றரை வருடத்தில் சமாதானம் தேயத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் முழங்கால் பாகங்கள் இரும்புச் சாமான் என்பதால் அனுமதிக்காகக் கொழும்பில் மாதக்கணக்கில் கிடந்தன. பாதை ஒரு நாள் திறக்கும், மூன்று நாள் மூடும். உடைந்த பாகத்தைப் பார்த்து நாங்களே செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. வரைபடம் எங்களிடம் கிடையாது. செய்து முடித்த சாமானிலிருந்து பின்னோக்கி நடந்து, அதை முதலில் வரைந்தவன் என்ன வரைந்தான் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் பொறியியலாளர் றியாஸ் சேர். என்னைவிட ஏழு வயது இளையவர். ஓட்டமாவடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வரைபடத்தைத் தொடுவதற்கு முன் கை கழுவுவார். கழுவிவிட்டு, தாளில் உள்ள ஒவ்வொரு அளவையும் விரலை வைத்துச் சத்தமாக வாசிப்பார். நான் பாகத்தை வேர்னியர் அளவுமானியில் பிடித்தபடி, அளவு ஒத்துவந்தால் ஆமாம் சொல்ல வேண்டும். இடையில் நான் இருமினால் முதலிலிருந்து தொடங்குவார்.

"சேர், இந்தப் படம் முடியிறதுக்குள்ள எனக்குப் பென்சன் வந்திரும்" என்பேன்.

"பென்சன் வந்தாலும் அளவு சரியா இரிக்கோணும் மிஸ்" என்பார். சிரிக்கமாட்டார். சிரிப்பு எங்கோ கண்ணுக்குப் பின்னால் இருக்கும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "தேய்ஞ்ச சாமானப் பார்த்து அப்படியே செஞ்சா, நாம புதுசு செய்யல்ல, பழசச் செய்றம். அது பிறந்த நேரம் எப்படி இருந்திச்சோ அதப் படமாக் கீறுங்க." தேய்வை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு மூன்று குறிகள் சொல்லியிருந்தார். தேய்ந்த இடம் பளபளக்கும். கீறல்கள் அசைவு போகும் திசையிலேயே ஓடும். அதோடு உரசுகிற மற்றப் பாகத்திலும் அதற்கு ஈடான தேய்வு இருக்கும். மூன்றையும் ஒரு தாளில் எழுதி என் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று யாரும் எனக்காகப் பேச முடியாது.

பேரின்பம் அண்ணன் வந்தது அந்த நாட்களில்தான். வாவிக்கு மேற்கே, வவுணதீவுக்கு அப்பால் உள்ள கரையில் இருப்பவர். வாவியில் தோணி தள்ளி வீச்சுவலை எறிந்து பிழைப்பவர். தொலைந்த மாட்டைத் தேடி வயல்வட்டைக்குள் இறங்கியபோது மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்கு மேலே போயிருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் கிடைத்த செயற்கைக்கால். அதை வலை நூலால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர்.

முழங்காலில் பூட்டு உடைந்திருந்தது. அதன் அமைப்பு கஷ்டமில்லை. எழுந்து நின்றால் ஒரு கொக்கி விழுந்து முழங்காலைப் பூட்டிவிடும், அதனால் கால் மடங்கி விழமாட்டார்கள். உட்கார வேண்டுமென்றால் தொடைப் பக்கம் உள்ள கயிற்றை இழுத்தால் கொக்கி விடும், முழங்கால் மடங்கும். எவ்வளவு மடங்கலாம் என்பதைப் பின்னால் உள்ள ஒரு சிறு அலுமினியக் கட்டை தீர்மானிக்கும். அதில் முட்டியதும் மடக்கம் நிற்கும். தடுப்புக்கட்டை என்று நாங்கள் சொல்வோம்.

"ஒரு கிழமை பொறுங்க, செஞ்சு தாறம்" என்றேன். பழைய பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஊன்றுகோலில் அனுப்பிவைத்தோம்.

பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல்தூரிகையால் தேய்த்து, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். இரண்டு பக்கத்தகடுகள், அச்சாணி, கொக்கி, ஸ்பிரிங், தடுப்புக்கட்டை. ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுத்தேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, மறுநாள் ஒன்று. வளைவுகளில் மை தடவி அச்சுத்தாளில் ஒற்றி எடுத்து அதன் மேல் வட்டம் போட்டுப் பார்த்தேன். அச்சாணி ஒரு பக்கம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது, பளபளத்தது, துளையிலும் அதே தேய்வு. அதைச் சட்டப்படி திருத்தினேன். உடைந்த கொக்கியை ஒட்டிப் பார்த்து அளந்தேன்.

தடுப்புக்கட்டையை எடுத்தபோது அதன் கீழ் விளிம்பு சரிவாக, நான்கு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. பளபளப்பு இல்லை, மங்கிப்போய் இருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தேன். நுண்ணிய கோடுகள். அசைவு போகும் திசைக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, வரிசை பிசகாமல். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கோடுகள் தெரியும். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். வாவிக்காரன், சேறும் மணலும், எங்கேயாவது இழுபட்டிருக்கும். கொப்பியில் "தேய்வு, 4" என்று எழுதினேன். எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

கணினியில் அந்த நான்கு மில்லிமீட்டரைத் திரும்ப ஒட்டுவது இரண்டு கிளிக் வேலை. கட்டை சதுரமாக, அழகாக, பிறந்த மேனியாக வந்தது. எல்லாவற்றையும் பூட்டி மடக்கிப் பார்த்தேன். நூற்றுப்பத்துப் பாகையில் நின்றது. ஓர் இடத்திலும் சிவப்பு இல்லை. நான் முழுதாகப் பூட்டிய முதலாவது முழங்கால் அது. பெருமையில் அன்று முழுவதும் என்னைப் பிடிக்க முடியவில்லை.

றியாஸ் சேர் கை கழுவிவிட்டு வந்து வாசித்தார். தடுப்புக்கட்டையில் விரல் நின்றது.

"தேய்வு எவ்வளவு மிஸ்?"

"நாலு சேர்."

"நாலா? கூடவா இரிக்கே."

"நாலு வருசம் சேர். அதுவும் சேத்துத் தண்ணி."

தலையை ஆட்டிவிட்டு ஒப்பமிட்டார். எங்கள் லேத்திலும் கையாலும் பாகங்களைச் செய்து முடித்தார்கள். பேரின்பம் அண்ணன் வந்து மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக் கம்பிகளுக்கிடையே நடந்தார். கதிரையில் உட்கார்ந்தார், எழுந்தார். திரும்ப உட்கார்ந்து, முழங்காலைக் கையால் பிடித்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பெரிய உபகாரம் மிஸ்" என்றார். வாசலில் நின்று திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். செய்த வேலைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் வந்தார். கையில் சீலைத்துணியில் சுற்றிய பொதி. என் மேசையில் வைத்து அவிழ்த்தார். நாங்கள் செய்த அதே கால், சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"நான் பேரின்பத்திட மனிசி. பூமணி. இத நீங்களே வெச்சிருங்க."

என்ன நடந்தது என்று கேட்டேன்.

"தோணில ஒழுங்கா இருக்க ஏலாமப் போச்சு. முன்னம் இருந்த முழங்கால் மடங்கிச்சு. காலை மடக்கிக் கீழ குந்திருப்பாரு. நீங்க தந்தது பாதியில நிக்குது. காலை வெளிய நீட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு. வலைய இழுக்கக்குள்ள தோணி பிரண்டிட்டு. காலுக்குள்ள தண்ணி ஏறி, சேத்தில குத்திக்கிட்டு நிண்டிட்டு. பக்கத்துத் தோணிக்காரன் பாயாட்டி எனக்கு இண்டைக்கு மனிசன் இல்ல." மூச்சு விட்டார். "ஆசுபத்திரில கிடக்காரு. நெஞ்சுச் சளி. இனித் தண்ணில இறங்க நான் விடமாட்டன். ஆனா வேற என்ன தொழில்தான் தெரியும் அந்த மனிசனுக்கு?"

"முதல் முழங்காலும் இதே அளவுதானே மடங்கியிருக்கும்" என்றேன். வாயில் இப்படித்தான் வந்தது. என் அளவு பிழைக்காது என்ற திமிர்.

"எங்க மடங்கிச்சு? வந்த நேரம் அதுவும் இப்படித்தான் கதிரைக் காலாட்டம் நிண்டிச்சு. அவருதான் மூண்டு நாளா அரத்தால ராவி ராவி மடங்க வெச்சாரு."

நான் அலுமாரியைத் திறந்து பழைய பாகங்கள் இருந்த உறையை எடுத்தேன். உருப்பெருக்கி தேவைப்படவில்லை. அரம் போன கோடுகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. ஒரு மனிதன் மூன்று நாள் பொறுமையாக இருந்து செய்த வேலை. அதைத் தேய்வு என்று எழுதி, இரண்டு கிளிக்கில் அழித்திருக்கிறேன். பூமணிக்கு முன்னால் இருக்க முடியாமல், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனேன்.

"இந்தக் காலையும் அதே மாதிரி மறுகா ராவுங்க எண்டு எத்தினை தரம் சொன்னன். மாட்டன் எண்டிட்டாரு" என்று எனக்குப் பின்னால் சொன்னார். எங்களுக்குப் பயந்திருப்பார் என்று நினைத்தேன்.

ஒரு கால் பழுதானால் உதவி நிறுவனத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அதில் மூன்று கட்டங்கள். தொழிற்சாலைத் தயாரிப்பில் குறை, பட்டறையில் நாங்கள் செய்ததில் குறை, பயன்படுத்துபவர் செய்த மாற்றம். இரண்டாவதை அடையாளமிட்டால் நாங்கள் சொந்தமாகப் பாகம் செய்யும் அனுமதி போகலாம், அதோடு என் வேலையும். மூன்றாவதை அடையாளமிட்டால் எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆளின் பெயர் மாற்றுக்கால் பட்டியலிலிருந்து எடுபடும்.

றியாஸ் சேர் பழைய கட்டையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அவர் ராவித்தானே இரிக்கார் மிஸ். மூணாவதப் போட்டாப் பொய்யில்ல."

"பொய்யில்ல சேர். ஆனா அவர் ராவினதால விழல்ல. நான் அத அழிச்சதால விழுந்தார்."

அவர் படிவத்தை மடித்து மேசை லாச்சியில் வைத்தார். "முதல்ல போய்ப் பாருங்க. எவ்வளவு மடங்கோணும் எண்டு அளந்துக்கிட்டு வாங்க. எழுதுறதப் பிறகு பாப்பம்."

பேரின்பம் அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு, பாதை திறந்த ஒரு நாள் பூமணி வந்து என்னைக் கூட்டிப் போனார். பாலத்துச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னார்கள். வேர்னியர், கோணமானி, முழங்காலை அச்செடுத்த தாள். ஓர் இளம் சிப்பாய் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தான். எனக்குச் சிங்களம் அரைகுறை. பயத்தில் அந்த அரையும் போய்விட்டது. பூமணி முன்னால் வந்து தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். அவன் தன் முழங்காலை ஒருமுறை மடக்கிப் பார்த்தான். பிறகு தாளை மடித்து என் கையில் தந்தான்.

பேரின்பம் அண்ணன் மெலிந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம், நியாயமான கோபம் என்று எடுத்துக்கொண்டு நானும் அதிகம் பேசவில்லை. கண்டல் மரத்தில் கட்டிக் கிடந்த தோணியில் பூமணியும் அயலவர் ஒருவரும் பிடித்து அவரை உட்காரவைத்தார்கள். நானும் ஏறினேன். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாத சீமாட்டி நான். தோணி ஆடியபோது வேர்னியரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன், என்னவோ அது மிதக்கும் என்பது போல.

அந்தத் தோணியில் குறுக்குப் பலகை கிடையாது. அடியில் குந்தியிருக்க வேண்டும். எவ்வளவு தாழ இருக்கிறாரோ அவ்வளவுக்குத் தோணி அடங்கும். அவருடைய நல்ல காலில் கோணமானியை வைத்தேன். நூற்று நாற்பது பாகை. துடுப்புப் போடும்போதும் நூற்று நாற்பது. வலையை இழுப்பது போலக் குனியச் சொன்னேன், இன்னும் இரண்டு கூடியது. நூற்றுப்பத்து என்பது கதிரையில் உட்காருபவனின் முழங்கால். முதலில் வரைந்தவனுக்குத் தோணி தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பி, கணினியில் தடுப்புக்கட்டையை அவர் அராவியபடியே சரித்து, முழங்காலை மடக்கினேன். நூற்றிருபத்தைந்தைத் தாண்டியதும் சிவப்பு விழுந்தது. கொக்கியின் வால் பக்கத்தகட்டில் போய் முட்டியது. பழைய கொக்கியின் துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். வெடிப்பு தொடங்கியது சரியாக அந்த இடத்தில். அவர் தோணியில் குந்தும் ஒவ்வொரு முறையும் கொக்கி அடிபட்டிருக்கிறது. நான்கு வருடம் தாங்கியதே பெரிது. முதல் முழங்கால் உடைந்ததற்குக் காரணம் அவர் அராவியதுதான்.

அரைநாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூன்றாவது கட்டம் சுத்தமான உண்மையாகிவிடும். திரையை மூடிவிட்டு வேறு படங்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். அளவு சொல்லும்போது பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பின்னேரம் நாலு மணிக்கு றியாஸ் சேரைக் கூப்பிட்டுத் திரையில் மடக்கிக் காட்டினேன். சிவப்பு வந்த இடத்தில் அவர் விரலை வைத்தார்.

"இப்ப என்ன எழுதுவீங்க?"

"எல்லாத்தையும்."

எழுதினேன். முழங்கால் நூற்றுப்பத்துப் பாகைக்கு மேல் மடங்காதபடி வந்ததால் இந்த வாவியில் தொழில் செய்பவருக்கு அது உதவவில்லை. தொழில் செய்வதற்காக அவர் தடுப்பை அராவினார். அதனால் கொக்கியில் அடி விழுந்து நாளடைவில் உடைந்தது. படவரைஞர், அராவிய தடத்தைக் கண்டும் தேய்வு என்று எழுதி, பயன்படுத்துபவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை நீக்கினார். விபத்துக்குக் காரணம் அதுவே. அடையாளமிட வேண்டிய கட்டம் இரண்டாவது.

றியாஸ் சேர் கை கழுவிவிட்டு வந்து, வரைபடத்தை வாசிப்பது போலவே விரல் வைத்து இதையும் சத்தமாக வாசித்தார். "படவரைஞர்" என்ற இடம் வந்ததும் நான் ஆமாம் என்றேன். முடித்ததும் என்னைப் பார்த்தார்.

"இது போனா உங்கட வேலை போகும் மிஸ்."

"தெரியும் சேர்."

பேனையை எடுத்து அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார். 'நான்கு மில்லிமீட்டர் அதிகம் என்று எனக்கும் தோன்றியது, நானும் கேட்கவில்லை.' ஒப்பமிட்டு, தாளை என்னிடம் தந்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். அந்த மனிதருக்கு அப்போது இரண்டு குழந்தைகள். ஓட்டமாவடிக்குப் பஸ் ஓடாத நாட்கள் வேறு. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

பதில் வரும்வரை சும்மா இருக்கவில்லை. கொக்கியின் வாலைக் குறைத்தேன், பூட்டு நழுவியது. ஸ்பிரிங்கை மற்றப் பக்கத்துக்கு மாற்றினேன், கயிறு சிக்கியது. வாலைக் குறைக்காமல் வளைத்து, தகட்டில் ஒரு பள்ளம் எடுத்தேன். நேராக நிற்கும் நிலையிலிருந்து நூற்று நாற்பத்தைந்து வரை பாகை பாகையாக மடக்கிப் பார்த்தேன். ஒன்பதாவது முயற்சியில் சிவப்பு எங்கும் வரவில்லை. இந்த முறை அதோடு விடவில்லை. செய்த பாகங்களை மேசையில் ஒரு மரக்காலில் பூட்டி, இரண்டு நாள் நானே கையால் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். தோள் மூட்டு வீங்கிவிட்டது.

ஒன்றரை மாதத்தில் கடிதம் வந்தது. மாற்றுக்கால் கொடுக்கலாம், இனி ஒவ்வொரு பாகத்துக்கும் பயன்படுத்துபவரின் வாக்குமூலத்தை இணைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கை, றியாஸ் சேருக்கு ஓர் எச்சரிக்கை. என்னுடையது நான் ஓய்வு பெறும்வரை என் கோப்பில் இருந்தது. வேலை போகவில்லை.

பாலம் திறந்திருந்த ஒரு காலையில் புதிய முழங்காலைக் கொண்டுபோனேன். பேரின்பம் அண்ணன் கரையில் மாட்டிக்கொண்டு நடந்தார், நின்றார், கொக்கி விழுந்து பூட்டிய சத்தம் கேட்டது. பூமணி தோணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். விடமாட்டேன் என்றவர், பிடித்துக்கொண்டாவது நிற்கலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்திருந்தார். அண்ணன் தோணியில் ஏறிக் கயிற்றை இழுத்தார். முழங்கால் மடங்கியது. மடங்கிக்கொண்டே போய், நல்ல காலுக்குச் சரியாக வந்து நின்றது. அவர் அடியில் குந்தினார். தோணி ஆட்டம் நின்று தண்ணீரில் அமர்ந்தது.

பூமணி கையை எடுத்தார்.

துடுப்பைப் போட்டுக் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்தார் அண்ணன். அப்போதுதான் கேட்கத் துணிவு வந்தது. நான் கரையில் நின்றபடி கேட்டேன்.

"அண்ணன், முதல் முழங்கால நீங்களே ராவித் திருத்தினீங்க. நான் தந்தது மடங்கல்ல எண்டு அண்டைக்கே பட்டறையில கண்டிருப்பீங்க. வீட்டில அரம் இருந்திச்சு. பூமணியும் சொல்லியிருக்கா. ஏன் மறுகா ராவல்ல?"

அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் ராவினதை நீங்க கண்டிட்டீங்க எண்டுதான் மிஸ் நினைச்சன். தந்த சாமானைக் கெடுத்தவன் எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசப்போறாங்க எண்டு பயந்து பயந்துதான் அண்டைக்கு வந்தன். நீங்க ஒரு சொல்லுச் சொல்லல்ல. ஒண்டும் காணாத மாதிரிப் புதுசாச் செஞ்சு தந்தீங்க. என்னைக் காட்டிக்குடுக்காம விட்ட மனிசி தந்த கால். அதில எப்படி மிஸ் நான் அரம் வைப்பன்?"